சார்ஜென்ட் பெப்பர் இசைத்தட்டை வாத்தியம் வாத்தியமாகக் கேட்பது எப்படி?

பழைய ராக் இசைத்தட்டு ஒன்றிலிருந்து, கீழ்ச்சுரங்களை வாசிக்கும் பேஸ் கித்தாரை மட்டுமோ டிரம்ஸை மட்டுமோ தனியே கேட்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு இன்று பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: கோப்பை ஒரு மென்பொருளில் போடுங்கள், அது பிரித்துக் கொடுத்துவிடும். அது பொய்யல்ல, ஆனால் அங்கேயே தொடங்குபவர், தாம் கேட்பது வாத்தியத்தின் ஒலியா மென்பொருளின் ஊகமா என்று தெரியாமலேயே கேட்டுக்கொண்டிருப்பார். தட்டு எப்படிப் பதிவாயிற்று என்பதை முதலில் தெரிந்துகொண்டு, கையில் ஏற்கெனவே இருக்கும் ஸ்டீரியோ பதிப்பிலிருந்தே கேட்க முடிந்ததைக் கேட்டுவிட்டு, மென்பொருளைக் கடைசியில் எடுப்பதே நல்ல வரிசை. எடுத்துக்காட்டாக, பீட்டில்ஸ் குழு 1967-இல் வெளியிட்ட ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ தட்டை எடுத்துக்கொள்கிறேன். பிரித்துக் கேட்பதற்கு இது எளிய தட்டு அல்ல. ஆனால் எது எப்போது, எந்த நாடாவில் பதிவானது என்பது இவ்வளவு விவரமாகத் தெரிந்த தட்டுகள் குறைவு.

தடம் வேறு, வாத்தியம் வேறு

1966 நவம்பர் முதல் 1967 ஏப்ரல் வரை, லண்டன் அபி ரோட்டிலுள்ள இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தில், ஜார்ஜ் மார்ட்டினின் தயாரிப்பில், ஜெஃப் எமெரிக் ஒலிப்பொறியாளராக இருந்து இந்தத் தட்டு பதிவாயிற்று. அங்கிருந்த ஸ்டூடர் ஜே37 கருவி ஓர் அங்குல அகலக் காந்த நாடாவில் நான்கு தடங்களை, அதாவது தனித்தனியே ஒலி பதியும் நான்கு பட்டைகளை மட்டுமே பதியும். நான்கும் நிறைந்துவிட்டால், அவற்றைக் கலந்து இன்னொரு நாடாவின் ஒன்றிரண்டு தடங்களுக்கு மாற்றுவார்கள். மிச்சமாகும் தடங்களில் புதிய வாத்தியங்களையும் குரல்களையும் சேர்ப்பார்கள். அப்படி ஒருமுறை கலந்ததை அந்த இரண்டாவது நாடாவிலிருந்து மறுபடி பிரிக்க அன்று வழியில்லை. சாம்பாரில் கரைந்த புளியைத் திரும்ப எடுக்க முடியாதது போலத்தான்.

இதனால் வரும் விளைவை ஒரே பாட்டில் பார்த்துவிடலாம். ‘எ டே இன் த லைஃப்’ பாட்டின் அடிப்படைப் பதிவு 1967 ஜனவரி 19 அன்று நடந்தது. குழுவின் நால்வரில் ஜான் லெனனின் அக்கூஸ்டிக் கித்தார், பால் மெக்கார்ட்னியின் பியானோ, ரிங்கோ ஸ்டாரின் பாங்கோ, ஜார்ஜ் ஹாரிசனின் மராக்காஸ் கிலுகிலுப்பை ஆகிய நான்கும் ஒரே தடத்தில் சேர்ந்து பதிவாயின. லெனனின் குரல், கனத்த எதிரொலியோடு, வேறொரு தடத்தில் போயிற்று. ஆகவே மூல நாடாவே உங்கள் மேசைக்கு வந்தாலும் அந்தப் பியானோவைத் தனியே கேட்க முடியாது. ‘மூலத் தடங்கள்’ என்று யாராவது கோப்புகளைக் காட்டினால், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வாத்தியம் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சுத்தமாக ஒரே வாத்தியம் கேட்டால் அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பதில் தவறில்லை.

இதற்கு ஒரு நல்ல விதிவிலக்கு பேஸ் கித்தார். இந்தத் தட்டில் மெக்கார்ட்னி பல பாடல்களுக்குப் பேஸைக் கடைசியாக, அதற்கென ஒதுக்கிய தடத்தில் வாசித்தார். மற்ற எல்லாம் பதிவான பிறகு, அவற்றைக் கேட்டுக்கொண்டே வாசித்ததால், அது தாளத்துக்குத் துணைபோகும் பேஸாக நில்லாமல் குரலோடு உரையாடும் இரண்டாவது மெட்டாகவே நடக்கிறது. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் தயங்காமல் இந்தப் பேஸைத்தான் சொல்வேன்.

எந்தப் பதிப்பைக் கேட்பது

இந்தத் தட்டின் மூன்று கலவைகள், அதாவது தடங்களைக் கலந்து முடித்த வடிவங்கள், இன்று எளிதாகக் கிடைக்கின்றன: 1967-இன் மோனோ, 1967-இன் ஸ்டீரியோ, 2017-இன் ஸ்டீரியோ. மோனோவில் எல்லா ஒலியும் ஒரே இடத்திலிருந்து வருவதால் இட வல வேறுபாட்டை வைத்துப் பிரிக்கும் வழிகள் அதில் செல்லாது. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் ஸ்டீரியோவைவிட வேகமாகவும் மேல்சுருதியிலும் ஓடுகிறது என்பது தெரியாமல் இரண்டையும் ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும். 1967 ஸ்டீரியோவைத்தான் 2009-இல் மறுபதனம் செய்து, அதாவது கலவையை மாற்றாமல் ஒலியை மட்டும் செப்பனிட்டு வெளியிட்டார்கள். வாத்தியங்களை இட வலமாக அழுத்தமாக ஒதுக்கும் அக்காலப் பழக்கம் அதில் அப்படியே இருப்பதால், நம் முதல் பயிற்சிக்கு அது உகந்தது.

2017 கலவையைச் செய்தவர்கள் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டினும் சாம் ஓக்கெலும். கலந்து மாற்றப்பட்ட இரண்டாம் நாடாக்களை விட்டுவிட்டு, கலப்பதற்கு முந்தைய முதல் நாடாக்களுக்கே திரும்பிப் போய், அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி அவர்கள் கலந்தார்கள். அதனால் அதில் டிரம்ஸும் பேஸும் மிகத் தெளிவாக நிற்கின்றன. ஆனால் குரலும் தாளமும் நடுவுக்கு வந்துவிட்டன. கேட்டு மகிழ 2017, பிரித்துப் பழக 1967 என்பது என் கணக்கு.

எதைக் கேட்டாலும் ஃப்ளாக், வேவ் போன்ற, தரவு குறையாத கோப்பாகவோ குறுந்தட்டாகவோ இருக்கட்டும். எம்பி3 கோப்பு, பலத்த ஒலியின் நிழலில் மறையும் மெல்லிய ஒலிகளைக் கழித்துவிட்டுத்தான் சிறிதாகிறது. முழுப் பாட்டில் அந்த இழப்பு தெரியாது. பலத்த ஒலியை நாம் நீக்கியதும், கழிக்கப்பட்ட இடம் பல்லிளிக்கும். என்னிடமிருந்த பழைய எம்பி3 ஒன்றைப் பிரித்து, சிம்பலில் கேட்ட நீர்க்குமிழி போன்ற ஓசையை அக்காலத்து ஒலிப்பொறியாளரின் வித்தை என்று நம்பி, ஒரு வாரம் அதையே நண்பர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். குறுந்தட்டை வாங்கிப் போட்டபோது அந்த ஓசையைக் காணவில்லை.

ஒரு பக்கத்தை மட்டும் கேட்பது

செலவில்லாத முதல் வழி, ஸ்டீரியோவின் ஒரு பக்கத்தை மட்டும் கேட்பது. திறன்பேசியின் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குள் ஒலிச் சமநிலைக்கான நகர்த்தி ஒன்று இருக்கும். அதை ஒரு கோடிக்குத் தள்ளினால் போதும். அதற்கு அருகிலேயே இருக்கும் ‘மோனோ ஆடியோ’ இயக்கத்தில் இருந்தால் இரண்டு பக்கமும் முன்கூட்டியே கலந்துவிடும் என்பதால் அதை அணைத்துவிட வேண்டும். ஒற்றை புளூடூத் ஒலிபெருக்கியிலும் இதே காரணத்தால் பலன் கிடைக்காது. கம்பியுள்ள ஹெட்ஃபோனே நல்லது.

கணினி இருந்தால் இலவச மென்பொருளான ஆடசிட்டியில் பாட்டைத் திறந்து, தடத்தின் பெயரருகே உள்ள பட்டியலில் ‘ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இட வலப் பக்கங்கள் இரண்டு தனித் தடங்களாகப் பிரியும். ஒன்றை மௌனமாக்கினால் மற்றது இரண்டு காதிலும் சமமாகக் கேட்கும். ஒரு காதில் மட்டும் கேட்பதைவிட இது களைப்புக் குறைவு, கவனமும் கூடும்.

பழக்கத்துக்கு, பெப்பருக்கு முந்தைய ஆண்டில் வந்த ‘எலினார் ரிக்பி’யின் பழைய ஸ்டீரியோ கலவையைப் பரிந்துரைக்கிறேன். அதில் சரணங்களைப் பாடும்போது மெக்கார்ட்னியின் குரல் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. இடப்பக்கத்தை மட்டும் கேட்டால் நான்கு வயலின், இரண்டு வயோலா, இரண்டு செல்லோ கொண்ட எண்மர் குழு வெட்டி வெட்டி வாசிப்பது ஏறக்குறையத் தனியே கேட்கும். நீங்கள் கேட்டது சரிதானா என்று பார்த்துக்கொள்ளவும் வழி உண்டு: 1996-இல் வந்த பீட்டில்ஸின் ‘ஆந்தாலஜி 2’ தொகுப்பில் இந்தப் பாட்டின் தந்தி வாத்தியங்கள் மட்டும் கொண்ட பதிவே இடம்பெற்றிருக்கிறது.

அடுத்து ‘எ டே இன் த லைஃப்’ பாட்டின் 1967 ஸ்டீரியோவுக்கு வாருங்கள். இங்கே லெனனின் குரல் ஓரிடத்தில் நிலையாக நிற்பதில்லை; ஒரு பக்கத்தில் தொடங்கிப் பாட்டு வளர வளர மெல்ல மறுபக்கத்துக்கு நகர்கிறது. எனவே ஒரே பாட்டிலேயே ஒரு கட்டத்தில் குரலோடும் இன்னொரு கட்டத்தில் குரலின்றியும் ஒரே பக்கத்தைக் கேட்க முடிகிறது. குரல் அகன்ற இடத்தில் டிரம்ஸ் தொகுதியில் ஆழ்ந்து ஒலிக்கும், ரிங்கோவின் தாம் டிரம்களைக் கவனியுங்கள். அவை சீராகத் தாளம் காட்டுவதைவிட, வரிக்கும் வரிக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் பேசுகின்றன.

நடுவை நீக்குவது

இரண்டு பக்கத்திலும் ஒரே அளவில் இருக்கும் ஒலி நடுவிலிருந்து வருவதுபோல் கேட்கும். ஒரு பக்கத்தின் அலையைத் தலைகீழாகத் திருப்பி மற்றதோடு கூட்டினால், இரண்டுக்கும் பொதுவான அந்த நடு ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஓரங்களில் இருப்பவை மட்டும் மிஞ்சும். ஆடசிட்டியில் மேலே சொன்னபடி பிரித்த இரண்டு தடங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்து, எஃபெக்ட் பட்டியலில் உள்ள ‘இன்வெர்ட்’ கட்டளையைக் கொடுத்து, இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிடுங்கள். பழைய கரோக்கே வித்தை இதுதான்.

2017 கலவையில் இதைச் செய்தால் முன்னணிக் குரல் பெருமளவு மங்கி, ஓரத்துக் கித்தார்களும் பின்னணிக் குரல்களும் முன்னுக்கு வரும். குரல் போனாலும் அதன் எதிரொலி மட்டும் ஆவிபோல் எஞ்சி நிற்கும். எதிரொலி இரு பக்கமும் வெவ்வேறாக விரிக்கப்பட்டிருப்பதே காரணம். 1967 கலவையில் இந்த வழி பாட்டுக்குப் பாட்டு வேறு வேறு விடை தரும், சிலவற்றில் ஒன்றுமே நடக்காது. ஐந்து நிமிடத்துக்கு மேல் இதில் செலவிட வேண்டாம்.

பீட்டில்ஸ் தரப்பே வெளியிட்டவை

பலர் தாண்டிப்போய்விடும் வழி இது. என் பார்வையில் இதுவே மிக வளமானது. 2017 மே மாதம் வெளிவந்த, இந்தத் தட்டின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் பெட்டியில் நான்கு குறுந்தட்டுகளும் ஒரு டிவிடியும் ஒரு ப்ளூரேயும் உள்ளன. இரண்டாம், மூன்றாம் குறுந்தட்டுகளில் இருப்பவை பாடல்கள் முழுமை பெறும் முன் எடுத்த பதிவுகள். குரல் ஏறாத ‘ஷீஸ் லீவிங் ஹோம்’, இந்திய வாத்தியங்கள் மட்டும் கொண்ட ‘வித்தின் யூ வித்தவுட் யூ’, ‘எ டே இன் த லைஃப்’ பாட்டுக்கான வாத்தியக் குழுவின் தனிப் பதிவு, அந்தப் பாட்டின் கடைசிச் சுரக்கோவை (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் ‘கார்டு’) ஆகியவை அவற்றில் அடங்கும். இவை எந்த மென்பொருளும் ஊகித்துத் தந்தவை அல்ல, நாடாவில் இருந்தவை. ஸ்ட்ரீமிங் சேவைகளிலும் ‘சூப்பர் டீலக்ஸ்’ பதிப்பு என்ற பெயரில் கேட்கலாம்.

இவற்றைக் கேட்க ஒரு முறை வைத்திருக்கிறேன். முதலில் முழுமையடையாத பதிவை இரண்டு முறை கேட்பேன். உடனே முழுப் பாட்டைப் போடுவேன். பழைய பதிவில் இல்லாத எதுவெல்லாம் இப்போது காதில் விழுகிறதோ, அதெல்லாம் பின்னால் சேர்த்தது. காகிதத்தில் நிமிட வினாடிக் கணக்கோடு குறித்துக்கொண்டே போனால், பாட்டு எந்த அடுக்கின்மேல் எந்த அடுக்காகக் கட்டப்பட்டது என்பது தானே தெரிந்துவிடும்.

‘வித்தின் யூ வித்தவுட் யூ’ இதற்குப் பொருத்தமான பாட்டு. பீட்டில்ஸில் ஹாரிசன் ஒருவர் மட்டுமே இதில் பங்குகொண்டார். லண்டனில் இயங்கிய ஏஷியன் மியூசிக் சர்க்கிள் அமைப்பைச் சேர்ந்த இசைக்கலைஞர்கள் உடன் வாசித்தார்கள். மார்ச் 15 அன்று பதிவான அடிப்படை நாடாவில் தம்புரா, தபலா, வில்லால் வாசிக்கும் தில்ருபா, தந்திகளை மீட்டும் ஸ்வர்மண்டல் ஆகியவை இருக்கின்றன. ஏப்ரல் 3 அன்று எட்டு வயலின்களும் மூன்று செல்லோக்களும் அதன்மேல் சேர்ந்தன. முதல் பதிவில் தில்ருபா கமகத்தோடு இழைந்து இறங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, முழுப் பாட்டில் அதே இடங்களுக்கு வந்தால், ஜார்ஜ் மார்ட்டின் எழுதிய வயலின்கள் அந்த இழைவை அப்படியே பின்பற்ற முயல்வது கேட்கும். தம்புரா சுருதியில் ஊறிய காதுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு, மற்றவர்கள் தேடிப் பிடிக்க வேண்டிய அடிநாதம் நமக்கு முதல் நொடியிலேயே பிடிபட்டுவிடும். அதே காதோடு ‘லூசி இன் த ஸ்கை வித் டயமண்ட்ஸ்’, ‘கெட்டிங் பெட்டர்’ இரண்டையும் கேட்டுப் பாருங்கள். அவற்றிலும் தம்புரா ஒளிந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: தட்டில் உள்ள ‘வித்தின் யூ வித்தவுட் யூ’, நாடாவின் வேகத்தைக் கூட்டியும் சில இடங்களை வெட்டியும் முடிக்கப்பட்டது என்பதால், ‘ஆந்தாலஜி 2’இல் உள்ள வாத்தியப் பதிவு அதைவிடக் கீழ்சுருதியில், நிதானமாக ஓடும். உங்கள் கருவியில் கோளாறில்லை.

பெட்டியில் உள்ள டிவிடியிலும் ப்ளூரேயிலும் 5.1 கலவையும் இருக்கிறது. வீட்டில் ஆறு ஒலிபெருக்கி அமைப்பு இருந்தால் முன்புறத்து மூன்றின் இணைப்பையும் கழற்றிவிட்டுப் பின்புறத்து இரண்டை மட்டும் கேளுங்கள், பிறகு நடுவில் உள்ளதை மட்டும்; ஸ்டீரியோவில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்த ஒலிகள் அங்கே இடம் விட்டு விலகி நிற்கும்.

மென்பொருளால் பிரிப்பது

இதற்குப் பிறகும் ஆசை தீரவில்லை என்றால் பிரிப்பு மென்பொருளுக்கு வரலாம். 2019-இல் டீசர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ப்ளீட்டர் இதைப் பரவலாக்கியது. இன்று மெட்டாவின் டீமக்ஸ் அதைவிட நன்றாகப் பிரிக்கிறது. கட்டளை வரி பழகாதவர்களுக்கு ‘அல்டிமேட் வோக்கல் ரிமூவர்’ என்னும் இலவச மென்பொருள் போதும். அதனுள்ளே டீமக்ஸும் இருக்கிறது. பாட்டைக் கொடுத்து, டீமக்ஸைத் தேர்ந்து, வெளியீட்டை வேவ் வடிவில் கேட்டால், குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்கு கோப்புகள் வரும். கித்தாரையும் பியானோவையும் தனியே தரும் ஆறு கோப்பு மாதிரியும் உண்டு. பியானோவில் அது இன்னும் தடுமாறுகிறது.

இந்த மென்பொருள் நாடாவைத் திறந்து பார்ப்பதில்லை. தடம் தடமாகக் கிடைத்த ஏராளமான பாடல்களைக் கேட்டுப் பழகி, இந்த நொடியில் இந்த அதிர்வு யாருடையதாக இருக்கும் என்று ஊகிக்கிறது. அது எங்கே ஊகிக்கிறது என்பதைக் கண்ணாரக் காண ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ பாட்டைக் கொடுத்துப் பாருங்கள். அதில் வயலின்கள், வயோலாக்கள், செல்லோக்கள், ஒரு டபுள் பேஸ், ஒரு ஹார்ப் மட்டுமே உண்டு. பீட்டில்ஸ் குழுவினர் எவரும் எந்த வாத்தியமும் வாசிக்கவில்லை, டிரம்ஸ் இல்லவே இல்லை. ஆகவே டிரம்ஸ் கோப்பில் எது கேட்டாலும் அது இடம் மாறி வந்ததுதான். ஹார்ப்பின் நரம்பைச் சுண்டும் முதல் துடிப்பு அங்கே போய் விழுவது சகஜம். அதேபோல் தில்ருபாவின் வில்லோசை மனிதக் குரலுக்கு நெருக்கமானது என்பதால் ‘வித்தின் யூ வித்தவுட் யூ’வில் குரல் கோப்பையும் கவனமாகச் சோதிக்க வேண்டும். நான்கு கோப்புகளையும் மறுபடி கூட்டினால் மூலத்துக்கு மிக அருகில் வருகிறதே என்று சிலர் வாதிடுவார்கள். பாகப்பிரிவினையில் மொத்தம் சரியாக இருந்தால் போதுமா, யாருக்கு எது என்பதும் சரியாக இருக்க வேண்டாமா?

இந்த நுட்பத்தின் உச்சம் என்று பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ தட்டுக்கு 2022-இல் வந்த மறுகலவையைச் சொல்லலாம். ‘டாக்ஸ்மேன்’ பாட்டின் டிரம்ஸ், பேஸ், கித்தார் மூன்றும் ஒரே தடத்தில் இருந்தன. இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருள் அவற்றைப் பிரித்துக் கொடுத்த பிறகே அவற்றை இட வலமாகப் பரப்பி வைக்க முடிந்தது. நம் கையில் இருப்பது அந்த மென்பொருள் அல்ல என்பதை நினைவில் கொண்டால் ஏமாற்றம் குறையும்.

பிரித்த கோப்புகளை உங்கள் காதோடு வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் ஏற்றினால் பதிப்புரிமைச் சிக்கல் வரும்.

பேஸிலிருந்து தொடங்குங்கள்

‘வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்’ பாட்டின் பேஸ் கோப்பை எடுத்து, முதல் சரணத்தை மட்டும் பத்துப் பத்து வினாடிகளாகச் சுழலவிட்டு, வாய்விட்டு முனகிப் பழகுங்கள். ஒலியைக் குறைத்தே வையுங்கள். தனிக் கோப்பை உரக்கக் கேட்டால் மென்பொருள் விட்ட கறைகள்தான் முதலில் காதில் படும். முனகல் பிடிபட்டதும் கோப்பை மூடிவிட்டு முழுப் பாட்டைப் போட்டு, ரிங்கோ பாடுகையிலேயே பேஸைக் கூட முனகுங்கள். முழுக் கலவைக்குள் அதை விடாமல் பின்தொடர முடிந்தால் அந்த வாத்தியம் உங்களுக்குப் பிரிந்துவிட்டது என்று பொருள். அடுத்து டிரம்ஸ், அதற்கடுத்துப் பின்னணிக் குரல்கள்.

கடைசியாக எந்தக் கருவியும் வேண்டாத ஒன்று. ‘எ டே இன் த லைஃப்’ முடியும் இடத்தில், நாற்பது பேர் கொண்ட வாத்தியக் குழு கீழ்ச்சுரத்திலிருந்து மேல்நோக்கி 24 தாளக்கட்டுகளில் ஏறி நிற்கிறது. பிப்ரவரி 10 அன்று அந்தக் குழுவையே நான்கு முறை பதிந்து அடுக்கினார்கள். அந்த ஏற்றம் நின்றதும் பல பியானோக்களில் ஒரே சமயத்தில் அழுத்திய ஈ மேஜர் சுரக்கோவை ஒலித்து, நாற்பது வினாடிக்கு மேல் தேய்கிறது. ஒலி தேயத் தேயப் பொறியாளர் ஒலியளவை ஏற்றிக்கொண்டே போனார் என்பதால், இறுதியில் பியானோவோடு கூடத்தின் மெல்லிய சலனங்களும் பதிவாகிவிட்டன. ஹெட்ஃபோனில் நீங்களும் அதேபோல் ஒலியளவைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனால், முடிவுக்குச் சற்று முன் ஒரு நாற்காலி கிரீச்சிடுவது கேட்கும். கேட்ட உடனே ஒலியளவை இறக்கிவிடுங்கள். சுரக்கோவை ஓய்ந்ததும் குறுந்தட்டில் காதைத் துளைக்கும் மிகைச்சுருதி ஓசை ஒன்றும், அதைத் தொடர்ந்து பொருளற்ற பேச்சுக் கூச்சலும் வருகின்றன.